பெட்டி கட்டுவதற்கு முன்னால்: ஷார்ஜாவுக்குப் போகிற தம்பிக்கு

லீவில் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர் கருங்கல் வந்து நாலு நாள் ஆகவில்லை, பக்கத்து வீட்டு மாமி வந்து நின்றார். "மக்கா, நம்ம பயலுக்கு விசா வந்தாச்சு, நீ வந்து அவன் பெட்டிய ஒரு தடவ பாத்துக் குடு" என்றார். போய்ப் பார்த்தேன். டிக்கெட்டில் 30 கிலோ என்று போட்டிருக்கிறது, பெட்டி 41 காட்டுகிறது. ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, அச்சப்பம், சூரை மீன் ஊறுகாய் இரண்டு பாட்டில், இவ்வளவுக்கும் அடியில் பழைய வேட்டித் துணியில் முடிந்து வைத்த ஒரு பொட்டலம். "இது என்ன மாமி?" என்று கேட்டேன். குருமா மசாலாவாம், வீட்டிலேயே வறுத்துப் பொடித்தது. பட்டை, கிராம்பு, சோம்பு, கசகசா என்று சொல்லிக்கொண்டே போனார். கசகசா என்றதும் பொட்டலத்தைத் தூக்கி வெளியே வைத்துவிட்டேன். மாமிக்கு முகம் வாடிவிட்டது.

காரணம் இதுதான். கசகசா அபின் செடியின் விதை. நமக்கு அது குருமாவுக்குப் போடுகிற சாமான், ஷார்ஜாவும் துபாயும் சேர்ந்த அமீரகத்திலும் சவுதியிலும் கத்தாரிலும் அது போதைப் பொருள் கணக்கில் வரும். தெரியாமல் கொண்டுபோய் ஜெயிலில் கிடந்தவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையும் அப்படித்தான். டிரமடால் மாதிரி வலி மாத்திரை, கோடீன் சேர்ந்த இருமல் மருந்து எதையும் சும்மா பையில் போட்டுக்கொண்டு போகாதே, தினமும் சாப்பிடுகிற மருந்து என்றால் டாக்டர் சீட்டை வைத்துக்கொள், அந்த மருந்துக்கு அங்கே முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டுமா என்றும் பார்த்துக்கொள். அப்புறம், கிளம்புகிற அன்றைக்கு யாராவது வந்து "எங்க அண்ணனுக்கு இந்தப் பார்சலக் குடுத்துருடே" என்பார்கள். பிரித்துப் பார்க்க விட்டால் வாங்கு, இல்லையென்றால் வாங்காதே. முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பெட்டி இருக்கட்டும், பேப்பருக்கு வருவோம். விசிட் விசாவில் வா, வந்தபிறகு வேலை விசா அடித்துத் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் ஏறாதே. விசிட் விசாவில் வேலை பார்ப்பது சட்டப்படி தப்பு, சம்பளம் தராவிட்டால் போய்ச் சொல்லவும் இடம் இருக்காது. பத்தாம் வகுப்பு பாஸாகாதவர்கள் பாஸ்போர்ட்டில் இசிஆர் என்று இருக்கும், அவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக இ-மைக்ரேட் என்ற இந்திய அரசு இணையதளம் வழியாக அனுமதி வாங்கியே ஆக வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட்டா என்பதையும் அதிலேயே பார்க்கலாம். நம் நாட்டு விதிப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேலே ஒரு லட்சம் இரண்டு லட்சம் என்று கேட்டால் அது விசாவுக்கு விலை வைப்பது. அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கிற செலவை கம்பெனிதான் பார்க்க வேண்டும், தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. இசிஆர்காரர்கள் எடுக்கிற பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டையும் அலட்சியமாக விடாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாயும் வரியும், விபத்தில் இறந்தால் 10 லட்சம். ஒரு பிரியாணிக்கும் கூல்டிரிங்ஸுக்கும் ஆகிற காசு.

ஆஃபர் லெட்டரில் எல்லாரும் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். நானும் அப்படித்தான் போட்டேன். பார்க்க வேண்டியது பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்பதை. மொத்தம் 2,000 திர்ஹம் என்று வை. பேசிக் 1,000, மீதி அலவன்ஸ் என்று பிரித்திருந்தால், வேலையை விட்டு வரும்போது கிடைக்கிற பணம், அதுதான் கிராஜுவிட்டி, அந்த ஆயிரத்தை வைத்துத்தான் கணக்கு. முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக், ஆக வருஷத்துக்கு 700 திர்ஹம், ஐந்து வருஷத்துக்கு 3,500. அதே 2,000-இல் பேசிக் 1,600 என்று இருந்தால் ஐந்து வருஷத்துக்கு 5,600. ஒரே வேலை, ஒரே வெயில். ஓவர்டைமும் பேசிக்கை வைத்துத்தான், அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து, இரவு 10 மணிக்கு மேல் என்றால் அரைப் பங்கு. ஆஃபர் லெட்டரை தமிழிலும் கேட்டு வாங்கலாம், அந்த ஊர் தொழிலாளர் அமைச்சகமே அதற்கு வழி வைத்திருக்கிறது. வெட்கப்படாமல் கேள்.

பாஸ்போர்ட்டை கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் சட்டம். நடப்பில் சில இடத்தில் வாங்குவார்கள், விசா அடிக்க என்று வாங்கினால் தேதி குறித்து வைத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கேள். எல்லாக் காகிதத்தையும் ஸ்கேன் செய்து உனக்கே ஒரு மெயில் அனுப்பி வைத்துவிடு. வேலை போனால் கொஞ்ச நாள் பணம் தருகிற இன்ஷூரன்ஸ் ஒன்று 2023-இலிருந்து இருக்கிறது, சின்னச் சம்பளக்காரர்களுக்கு மாசம் 5 திர்ஹம்தான், சேராவிட்டால் 400 அபராதம். கம்பெனி போட்டுவிட்டதா, நாம் போட வேண்டுமா என்று முதல் வாரமே ஆபீஸில் கேட்டுவிடு. துபாய் பக்கம் சிக்கல் என்றால் 800 46342, இந்தியத் தொழிலாளர்களுக்கான உதவி நம்பர், போனில் இப்போதே ஏற்றிக்கொள்.

இனி முக்கியமான விஷயம். போய் இறங்கிய அன்று ராத்திரி வீட்டுக்குப் பேசும்போது என்ன சம்பளம் என்று கேட்பார்கள். உண்மையைச் சொல். நான் சொல்லவில்லை. சேர்ந்தது 1,400 திர்ஹமுக்கு, அம்மாவிடம் 2,500 என்றேன். பெருமைக்குச் சொன்னதுதான், வேறென்ன. அம்மா அதை நம்பி தங்கச்சி கல்யாணத்துக்கு 40 பவன் பேசி முடித்துவிட்டார். விசா, மெடிக்கல், ஐடி, பேங்க் கார்டு என்று இழுத்து எனக்கு முதல் சம்பளம் கையில் வந்ததே 52-ஆவது நாள். அதற்குள் இரண்டு தடவை ரூமில் கடன் வாங்கி, சம்பளம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அந்தப் பொய்யை நிமிர்த்த எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. மூன்று வருஷமும் ஊருக்கு வரவில்லை, வந்தால் தெரிந்துவிடுமே. முதல் போனில் என்ன தொகை சொல்கிறாயோ அதைத்தான் மாசாமாசம் எதிர்பார்ப்பார்கள், அதனால் சாப்பாடு, ரூம், போன் எல்லாம் கழித்து மிஞ்சுகிறதை மட்டும் சொல். முதல் இரண்டு மாசம் பணம் வராது என்பதை இங்கிருந்து கிளம்பும் முன்பே சொல்லிவிடு. சீட்டு, நகைக்கடைச் சீட்டு எதிலும் அந்த இரண்டு மாசத்துக்கு உன் பேரைச் சேர்க்க விடாதே.

ரூம். கம்பெனி கேம்ப் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் பெட் ஸ்பேஸ், ஒரு ரூமில் ஆறு பேர், மூன்று இரட்டைக் கட்டில். வாடகை பேசும் முன் மெத்தையின் மூலையைத் தூக்கி, தையல் ஓரத்தில் போன் லைட் அடித்துப் பார். கறுப்பாகப் புள்ளி புள்ளியாக மை தெளித்தமாதிரி இருந்தால் மூட்டைப்பூச்சி. கட்டில் இரும்பு சேருகிற இடத்திலும் பார், அங்கேதான் குடும்பம் நடத்தும். அந்த ரூம் வேண்டாம், எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். மேல் கட்டிலா கீழ் கட்டிலா என்றால் நான் மேல் என்பேன். ஏசி காற்று நேரே முகத்தில் அடிக்கும், ஆனாலும் உன் படுக்கையில் வந்து யாரும் உட்கார மாட்டார்கள்.

மெஸ் சேர்ந்து போட்டால் செலவு பாதி. ஆளுக்கு ஒரு நாள் சமையல் முறை வரும், அதனால் இரண்டு குழம்பாவது கற்றுக்கொண்டு போ. நம் ஊர்க்காரனுக்குச் சிக்கல் தேங்காய்தான், எதற்கெடுத்தாலும் அரைக்க வேண்டும், ராத்திரி 11 மணிக்கு மிக்ஸி போட்டால் நைட் டூட்டி முடித்துத் தூங்குகிறவன் சண்டைக்கு வருவான். அதற்கு வழி, வீட்டிலிருந்தே தீயல் கூட்டு, அதாவது தீயல் என்கிற நம் புளிக்குழம்புக்கான அரைப்பு, கொண்டுபோவது. தேங்காய்த் துருவலை நல்ல பழுப்பு நிறம் வரும்வரை சின்னத் தீயில் வறுத்து, கொத்தமல்லி, வத்தல் மிளகாய், கொஞ்சம் மிளகு சேர்த்து, ஆறவிட்டு, தண்ணீர் படாமல் எண்ணெய் கக்குகிறவரை அரைத்து டப்பாவில் அடைத்தால், ஃபிரிட்ஜில் பல வாரம் தாங்கும். ஒரு ஸ்பூன் எடுத்துப் புளித்தண்ணீரில் கரைத்து, உள்ளி, அதாவது சின்ன வெங்காயம், வதக்கிப் போட்டால் பதினைந்து நிமிஷத்தில் உள்ளி தீயல். ரூமில் திருநெல்வேலிக்காரன் ஒருவன், முதல் நாள் இது என்ன கறுப்பாக இருக்கிறது என்றான், அடுத்த வாரம் என் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தான். சாளை அங்கே சல்லிசாகக் கிடைக்கும், மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மலையாளி கடைகளில் உண்டு, ஆகவே பட்டினி கிடக்க மாட்டாய்.

மாமியிடம் இதைச் சொன்னதும் குருமா மசாலா போன வருத்தம் தீர்ந்தது, தேங்காய் திருவ உட்கார்ந்துவிட்டார்.

வெயில் பற்றி நாம் கெத்தாகப் பேசுவோம், நம் மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம், வெயில் என்றால் என்ன என்று உண்மையில் நமக்குத் தெரியாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-இலிருந்து 3 மணிவரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே விதி. மீதி நேரத்தில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே, தண்ணீரும் உப்பும் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். மூத்திரம் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை.

சம்பளம் பேங்க்கில் மூன்று மாசம் தொடர்ந்து விழுந்ததும் போன் வர ஆரம்பிக்கும், கிரெடிட் கார்டு வேண்டுமா, லோன் வேண்டுமா என்று. வேண்டாம் என்று சொல். கட்ட முடியாமல் போனால் ஏர்போர்ட்டில் நிறுத்துகிற அளவுக்குப் போகும். ரேட் ஏறட்டும் என்று பணம் அனுப்பாமல் காத்திருப்பதும் ஒரு நோய். ஒரு திர்ஹமுக்குப் பத்து பைசா ஏறினால் ஆயிரம் திர்ஹமுக்குக் கூடுதலாகக் கிடைப்பது நூறு ரூபாய், அதற்கு நாலு நாள் போனையே பார்த்துக்கொண்டிருப்பான். ஊரில் உள்ள பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அனுப்புகிற பணத்துக்கு என்ஆர்இ கணக்கு ஒன்று திற, அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. வீட்டுச் செலவுக்கு அம்மா கணக்குக்குக் கொஞ்சம், மீதி உன் பேரில். இதைச் சொன்னால் சுயநலம் என்பார்கள், பரவாயில்லை.

போனில் வாட்ஸாப் மெசேஜ் போகும், அமீரகத்தில் வாட்ஸாப் கால் போகாது, போட்டிம் மாதிரி அனுமதி பெற்ற ஆப் ஒன்றை அம்மா போனிலும் கிளம்பும் முன்பே ஏற்றிப் பழக்கிவிடு. அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே பத்தரை, அம்மா தூங்காமல் உட்கார்ந்திருப்பார். துபாய் மெட்ரோவில் ஒரு மிட்டாயைக்கூட வாயில் போடாதே, 100 திர்ஹம். நோன்பு மாசத்தில் பகலில் ஆள் பார்க்கத் தின்பதைத் தவிர்.

மொழியில் நமக்கு ஒரு லாபம் உண்டு. மலையாளிகள் மத்தியில் திருவனந்தபுரம் பக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம், தமிழர்கள் மத்தியில் நாகர்கோவில். இரண்டு பக்கமும் பாதி பாதி நம்புவார்கள். ஆனாலும் சைட்டில் ஓடுவது இந்திதான், அதைப் படி.

லீவை எப்போது எடுப்பது என்று யோசித்தால், கிறிஸ்துமஸுக்கும் ஓணத்துக்கும் திருவனந்தபுரம் டிக்கெட் விலை பறக்கும். மாசியில் மண்டைக்காடு அம்மன் கோவில் கொடை சமயத்தில் வா, கூட்டமும் உண்டு, டிக்கெட்டும் அடங்கியிருக்கும். வரும்போது பால்பொடி, கோடாலித் தைலம், பாதாம், சென்ட் என்று சொந்தபந்தம் எல்லாம் லிஸ்ட் அனுப்பும். அதெல்லாம் இப்போது பக்கத்து டவுன் மார்த்தாண்டத்திலேயே கிடைக்கிறது. போன லீவுக்கு நான் கைவீசி வந்து, மறுநாள் காலையில் பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். சித்தப்பா தைலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஃபாரின் ஃபாரின்தான்" என்றார்.