அதுவும் அக்ரிலிக், இதுவும் அக்ரிலிக்: எயார்பிரஷ் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வெள்ளவத்தையில் தெரிந்த தம்பி ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாம் மாடி. பல்கனியில் உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் மேசை, அதன்மேல் ஒட்டி முடித்த 1/48 அளவு ஹரிக்கேன் போர் விமான மொடல், பக்கத்தில் புத்தம்புது எயார்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தால் பெயின்டை விசிறும் கருவி. "அண்ணா, காத்து வருது, பெயின்ட் வருதில்ல" என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தேன். தேசிக்காய்ப் புளி விட்ட பால்போலப் பச்சையாய்த் திரைந்து கிடந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் கிண்ணத்திலும் இதே கோலம்தான். விமானம்கூட அதேதான்.

குப்பியைக் குலுக்காமல் அடிப்பது, பாகங்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் அடிப்பது, முதல் பூச்சுக் காயுமுன் இரண்டாவதை அடிப்பது, இவற்றையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு தடவை செய்தால் தானாகவே விளங்கிவிடும். காசைக் கரைக்கும் தவறுகளைப் பற்றித்தான் பேச்சு.

பெயரைப் பார்த்துத் தின்னர் ஊற்றுவது

தம்பி என்னிடம் கேட்டது: "இதும் அக்ரிலிக்தானே அண்ணா?"

ஆம், அக்ரிலிக்தான். அந்தச் சொல் பெயின்டில் இருக்கும் பிசின் என்ன வகை என்பதை மட்டும்தான் சொல்கிறது. அந்தப் பிசின் எதில் கரைந்திருக்கிறது, எதில் மிதக்கிறது என்பதைச் சொல்வதில்லை. எயார்பிரஷுக்குள் ஊற்றுகிறவனுக்குத் தேவையானது அந்த இரண்டாவது விஷயம்.

என் கதை இப்படி. ஆரம்பத்தில் என்னிடம் இருந்தவை தமியாவின் 10 மில்லிலீட்டர் கண்ணாடிக் குப்பிகள். அவற்றுக்கென்று அந்தக் கம்பெனியே விற்கும் எக்ஸ்-20ஏ தின்னர் (பெயின்டை ஐதாக்கும் திரவம்) ஒருநாள் தீர்ந்துபோனது. பாமசியில் ஐசோபுரோபைல் அல்கஹோல் வாங்கி ஊற்றிப் பார்த்தேன். அருமையாக வேலை செய்தது. விலையும் குறைவு. பெரிய கண்டுபிடிப்புச் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

அந்த நத்தாருக்குக் கனடாவிலிருந்து சித்தப்பா வந்தார். நான் கேட்டிருந்தபடி வயேஹோ கம்பெனியின் சொட்டுக் குப்பிகள் ஒரு டசின் கொண்டுவந்தார். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்தும், கறுவாத்தோட்டத்துக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன்கள் எழும்பின. அந்தத் திடலில் இருந்து போனதில் ஒன்றைச் செய்து அலுமாரியில் வைப்பது என் நெடுநாள் ஆசை. மேலே பச்சையும் மண்பழுப்பும். மண்பழுப்பைப் பழைய தமியாவில் அடித்து முடித்தாயிற்று. பச்சைக்குப் புதுக் குப்பியைத் திறந்து, ஏழு எட்டுச் சொட்டு விட்டு, வழக்கம்போல் அல்கஹோலை ஊற்றிக் குச்சியால் கலக்கினேன்.

கலக்கும்போதே குச்சியில் சவ்வுபோல ஏதோ சுற்றியது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது போல என்று இன்னும் அல்கஹோல் ஊற்றினேன். இன்னும் இறுகியது. காற்றழுத்தத்தை 20 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) இலிருந்து 40க்கு ஏற்றினேன். கிண்ணத்துக்குள் குமிழி வந்ததே தவிர முன்பக்கத்தால் ஒன்றும் வரவில்லை. ஊசியை இழுத்தேன், வரவில்லை. பலமாக இழுத்தேன், வந்தது, நுனி வளைந்து. அரிசிக் குறுணி அளவு இருக்கும் நொசிலை, பெயின்ட் வெளிவரும் அந்த முன்நுனித் துண்டைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டும்போது, கோபத்தில் ஸ்பானரை அரைச் சுற்று அதிகமாகத் திருப்பிவிட்டேன். கழுத்தோடு முறிந்தது. மாற்று நொசிலும் ஊசியும் வெளிநாட்டிலிருந்து வந்துசேர ஆறு வாரம். இரண்டும் சேர்ந்து எயார்பிரஷின் விலையில் பாதியை விழுங்கின.

குற்றம் பெயின்டில் இல்லை. வயேஹோ போன்ற நீர்வகை அக்ரிலிக்கில் பிசின் கரைந்திருப்பதில்லை. மிக நுண்ணிய துணிக்கைகளாகத் தண்ணீரில் மிதக்கிறது, பாலில் கொழுப்பு மிதப்பதுபோல. அல்கஹோல் பட்டவுடன் அந்தச் சமநிலை குலைந்து, துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. தமியா அக்ரிலிக்கிலும், மிஸ்டர் ஹொபியின் அக்குவஸ் வகையிலும் பிசின் அல்கஹோல் சேர்ந்த கரைப்பானில் கரைந்தே இருக்கிறது. அதனால் அல்கஹோல் அவற்றுக்கு உறவு. இரண்டின் குப்பியிலும் அக்ரிலிக் என்றே எழுதியிருக்கும். பெரிய எழுத்தில்.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். வீடியோக்களில் எத்தனையோ பேர் "அக்ரிலிக்குக்கு அல்கஹோல் போதும்" என்று சொல்லிவிட்டு, கையில் இருப்பது எந்தக் குப்பி என்று காட்டாமலே போய்விடுகிறார்கள். கடையில் கேட்டாலும் "எல்லாத்துக்கும் இதுதான்" என்று ஒரே போத்தலை நீட்டுகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் நம்பத்தானே செய்வார்? அந்தத் தம்பியும் அப்படித்தான் நம்பினார்.

சரி, என்ன செய்யலாம்? மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஸ்பிரிட் வாசம் தூக்கலாக வந்தால் அல்கஹோல் குடும்பம். வாசமே இல்லாதது போல இருந்தால் நீர்க் குடும்பம். மூக்கை முழுதாக நம்பவும் வேண்டாம். குடிநீர்ப் போத்தல் மூடியில் ஒரு சொட்டுப் பெயின்ட், இரண்டு சொட்டுத் தின்னர் விட்டுப் பல்லுக்குத்தும் குச்சியால் கலக்குங்கள். ஒரு நிமிடம் பொறுத்து மூடியைச் சாயுங்கள். பால்போல வழுக்கி ஓடினால் கிண்ணத்தில் ஊற்றலாம். இழை விட்டால், கட்டி தெரிந்தால், மூடியோடு குப்பைக்கு. புதுக் குப்பி எதுவானாலும் இதைச் செய்யாமல் நான் இப்போது கிண்ணத்தைத் தொடுவதில்லை.

ஏற்கெனவே திரைந்துவிட்டதா? மேலும் அல்கஹோல் விடாதீர்கள். கிண்ணத்தைத் தண்ணீரால் அலசுங்கள். முதலில் ஊசியைப் பின்பக்கமாக மெதுவாக உருவிவிட்டு, அப்புறம்தான் நொசிலைக் கழற்றுங்கள். காய்ந்து ஒட்டியதை இளக்க, உலோகப் பாகங்களை மட்டும் லெக்கர் தின்னரில் (லெக்கர் என்ற கரைப்பான்வகைப் பெயின்டுக்குரியது) ஊறவிடலாம். ரப்பர் வளையங்களை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். ஊதிப் பெருத்தால் திரும்பப் பொருந்தாது. தம்பியின் நொசிலை இப்படித்தான் காப்பாற்றினோம்.

இதிலிருந்து எனக்குப் பழகிப்போன ஒன்று, தின்னரை முதலில் தேடிவிட்டுத்தான் பெயின்டை வாங்குவது. கொழும்பில் குப்பி கிடைத்துவிடும், அதற்குரிய தின்னர் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுக்கலாம் என்றால் தீப்பற்றும் திரவத்தை விமானத் தபால் ஏற்காது. ஊருக்கு வரும் உறவினரிடம் லெக்கரோ இனாமலோ சொல்லிவிடவும் கூடாது, பயணப் பொதியிலும் அவற்றுக்குத் தடைதான். நீர்வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. சித்தப்பா தப்பியது அதனால்தான்.

ஹார்ட்வெயர் கடைத் தின்னர்

புறக்கோட்டையில் வாங்கும் என்.சி. தின்னர் வாகனத் தகரத்துக்கு உரியது. மொடல் செய்திருப்பது பொலிஸ்டைரீனில். தூரிகை கழுவுங்கள், உலோகம் கழுவுங்கள். இறக்கையில் படவிட்டால் இறக்கை இளகிவிடும்.

0.2 ஊசி

"மெல்லிய ஊசி என்றால் மெல்லிய கோடு" என்று நினைத்துப் பலர் முதல் எயார்பிரஷையே 0.2 மில்லிமீற்றரில் வாங்குகிறார்கள். கொழும்புச் சூட்டில் நீர்வகைப் பெயின்ட் அந்த நுனியில் அடிக்கடி காய்ந்து நிற்கும். அடிக்கிற நேரத்தைவிட நுனி துடைக்கிற நேரம் கூடும். 0.3 வாங்குங்கள், 1/72 விமானத்தின் புள்ளி மறைப்பு நிறங்கள்வரை அதிலேயே செய்யலாம். ப்ரைமருக்கும் (அடிப்பூச்சு) வார்னிஷுக்கும் பிற்பாடு ஒரு 0.5 சேர்த்துக்கொள்ளலாம். கிண்ணம் மேலே இருக்கிற, அழுத்தினால் காற்றும் பின்னால் இழுத்தால் பெயின்டும் வருகிற இரட்டை இயக்க வகையாகப் பாருங்கள். முதல் இரண்டு நாள் விரல் சொன்னபடி கேட்காது. பழைய தாளில் தண்ணீரை அடித்துப் பழகுங்கள். தொடங்கும்போது முதலில் காற்று, பிறகு பெயின்ட். நிறுத்தும்போது முதலில் பெயின்டை மூடி, கடைசியாகக் காற்றை விடுங்கள்.

தாங்கி இல்லாத கொம்பிரசர்

வேண்டாம்.

தாங்கி இருந்தும் தண்ணீரை மறப்பது

இங்கே காலை வேளையில் ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்தக் காற்றை அமுக்கி, சூடாக்கி, தாங்கியில் ஆறவிட்டால் அதிலிருக்கும் நீர் வெளியே வராமல் என்ன செய்யும்? 3 லீட்டர் தாங்கியின் அடியில் ஒரு சிறு திருகு இருக்கும். வேலை முடிந்ததும் அதைத் திறந்துவிடுங்கள். முதல் தடவை திறந்தபோது என் கையில் துருநிறத் தண்ணீர் ஓடியது. அதை நான் கண்டுபிடித்தது கொம்பிரசர் வாங்கி எட்டு மாதம் கழித்து. அதற்குள் இரண்டு மொடல்களில் நீர்த்துளி தெறித்து வட்டம் வட்டமாக அடையாளம் விழுந்திருந்தது. அழுத்தமானியோடு வரும் ஈரப்பொறி மட்டும் போதாது. குழாயில், எயார்பிரஷுக்கு அருகே, இன்னொரு சிறு பொறி பூட்டினால் நல்லது.

அழுத்தத்தை, விசையை அமுக்கிக் காற்று ஓடும்போது பாருங்கள். சும்மா இருக்கும்போது காட்டும் அளவு, காற்று ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடும். ஓடும்போது 15 முதல் 20 பி.எஸ்.ஐ. எனக்குப் பெரும்பாலும் போதும்.

நேரடியாகப் பிளாஸ்டிக்கில்

நீர்வகை என்றால் ப்ரைமர் கட்டாயம். இல்லாவிட்டால் மறைப்பு டேப்பை உரிக்கும்போது நிறமும் சேர்ந்து வரும்.

துணி முகக்கவசம்

கொரோனாக் காலத்து மிச்சம் இதற்கு உதவாது. லெக்கர் அடிப்பவருக்கு இரசாயன ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி பூட்டிய முகக்கவசம் வேண்டும். பல்கனி திறந்திருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். கடற்காற்று அந்த ஆவியை வீட்டுக்குள்ளேதான் தள்ளும்.

மழை விட்டவுடன் மங்கல் வார்னிஷ்

ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி இடித்து ஊற்றும், ஆறு மணிக்கு விட்டுவிடும். குளுகுளு என்றிருக்கிறதே, இதுதான் நேரம் என்று எயார்பிரஷைத் தூக்காதீர்கள். லெக்கர்வகை வார்னிஷின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிகிறது, பச்சை நிறத்தின்மேல் வெள்ளைப் புகார் படர்கிறது. காய்ந்தால் போய்விடும் என்று காத்திருந்தால் போகாது. மறுநாள் வெயில் ஏறிய பிறகு, காய்வதைத் தாமதமாக்கும் சேர்மானம் உள்ள லெக்கர் தின்னரை மட்டும், ஈரம் மினுங்கும் அளவுக்கு மெல்லியதாக ஒரு தடவை விசிறிவிடுங்கள். அநேகமாகத் தெளிந்துவிடும்.

என் ஹரிக்கேனின் இடது இறக்கையில் ஒரு ரூபாய்க் குற்றியளவு புகார் இன்னும் இருக்கிறது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.