மில்லிகிராமுக்கு முன் மணியைப் பாருங்கள்: ஊக்கி மருந்துகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை ஐந்து மணி. காலையில் அமைதியாகப் படித்த பிள்ளை இப்போது தொட்டதற்கெல்லாம் அழுகிறான், நோட்டைத் தூக்கி எறிகிறான். மருந்து போதவில்லை என்று பெரியவர்கள் முடிவு செய்து, பாதி மாத்திரை கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அன்றிரவு அவனுக்கு நள்ளிரவு வரை தூக்கம் வருவதில்லை. தூக்கம் கெட்டதால் மறுநாள் கவனம் இன்னும் சிதறுகிறது. மீண்டும் பாதி மாத்திரை.

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவுக் கோளாறுக்கான ஊக்கி மருந்துகளில் நடக்கும் மிகச் சாதாரணமான தவறு இது. அளவைப் பற்றிக் கவலைப்படுகிறோம், நேரத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம். இவற்றில் பரவலாகப் பயன்படும் மெத்தில்ஃபெனிடேட்டின் சாதாரண மாத்திரை ஏறக்குறைய 3 முதல் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். நீண்ட நேரம் செயல்படும் வகைகள் 8 முதல் 12 மணி நேரம் தாங்கும். மருந்து உடலிலிருந்து இறங்கும்போது சிலருக்கு எரிச்சலும் படபடப்பும் சற்று நேரம் தலைதூக்கும். அது போதாமை அல்ல, மருந்து தீர்கிறது என்பதன் அடையாளம். இதே எரிச்சல் மருந்து உச்சத்தில் இருக்கும் காலை பத்து மணிக்கு வந்தால் அதன் பொருள் வேறு. பிள்ளை பொம்மைபோல் உணர்ச்சியற்று உட்கார்ந்திருந்தால் அளவு கூடிவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வகுப்பில் சத்தமில்லாமல் இருக்கிறான் என்று அதைப் பலர் வெற்றியாக எடுத்துக்கொள்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆகவே மருத்துவரிடம் போகும் முன் ஒரு வாரம் குறித்துவையுங்கள்: எத்தனை மணிக்கு மருந்து, எப்போது பலன் தெரிந்தது, எப்போது மங்கியது, எவ்வளவு சாப்பிட்டார், எப்போது தூங்கினார். அந்தக் குறிப்பைப் பார்த்து மருத்துவர் அளவைக் கூட்டாமல் மருந்தின் வகையையோ நேரத்தையோ மட்டும் மாற்றக்கூடும்.

உடல் எடையைக் கொண்டு அளவைக் கணக்கிடுவது இன்னொரு தவறு. ஊக்கி மருந்துகளில் எடை நல்ல அளவுகோல் அல்ல. பெரிய உடம்புக்காரருக்குச் சிறிய அளவே போதலாம், ஒல்லியான சிறுவனுக்கு அதிகம் தேவைப்படலாம். 6 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் சாதாரண மெத்தில்ஃபெனிடேட்டை வழக்கமாக 5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 மில்லிகிராம் வரை கூட்டுவார்கள். நாளுக்கு 60 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்சவரம்பு. இந்த மருந்தின் பலன் அன்றைக்கே தெரிந்துவிடுவதால் இரண்டே நாளில் கூட்டிவிடலாம் என்று தோன்றும். பொறுங்கள். பள்ளி நாளும் விடுமுறை நாளும், நன்றாகத் தூங்கிய இரவும் தூங்காத இரவும் ஒரு வாரத்துக்குள்தான் கலந்து வரும்.

பெட்டியில் உள்ள எண்களை ஒப்பிடுவதும் ஆபத்தானது. நாள் முழுவதும் மெல்ல மருந்தை வெளியிடும் 18 மில்லிகிராம் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை, சாதாரண 5 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளை போடுவதற்கு ஏறத்தாழ இணையாகக் கருதப்படுகிறது. ஆம்ஃபெட்டமின் வகையைச் சேர்ந்த மற்றோர் ஊக்கி மருந்தான லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் 30 மில்லிகிராமில் தொடங்குகிறது. அது உடலுக்குள் போய் டெக்ஸாம்ஃபெட்டமினாக மாறிய பிறகே வேலை செய்யும். ஒரு மருந்தின் 20 மற்றொன்றின் 20 ஆகாது. கடையில் வேறு பெயரில் மருந்து கொடுத்தால், மூலப்பொருளோடு அது மருந்தை உடனே வெளியிடுவதா, மெல்ல வெளியிடுவதா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீண்ட நேர மாத்திரையை உடைக்கவோ, பொடிக்கவோ, மெல்லவோ கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து சட்டென்று இரத்தத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியாத பிள்ளைகளுக்கு, உள்ளே சிறு மணிகள் கொண்ட சில கேப்சூல்களைத் திறந்து மென்மையான உணவில் தூவிக் கொடுக்கலாம். அந்த மணிகளையும் மெல்லக் கூடாது. எல்லாக் கேப்சூல்களும் அப்படிப்பட்டவை அல்ல என்பதால் மருந்தாளரைக் கேளுங்கள்.

காலை வேளை தவறிவிட்டால், நீண்ட நேர மருந்தை மதியத்துக்கு மேல் போட வேண்டாம். அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் வழக்கமான அளவோடு தொடருங்கள். இரட்டை அளவு எப்போதும் வேண்டாம்.

கூட்டுச் சேர்க்கையில் சில கண்ணிகள் உண்டு. வைட்டமின் சி, புளிப்பான பழச்சாறு ஆகியவை ஆம்ஃபெட்டமின் வகையின் பலனைக் குறைக்கலாம். சோடியம் பைகார்பனேட் கலந்த அமில நீக்கிகள் அதைக் கூட்டலாம். சளிக்கான சூடோஎஃபெட்ரின் மாத்திரை, காபி, ஆற்றல் பானங்கள் எல்லாம் இதயத் துடிப்பை ஒரே திசையில் தள்ளுகின்றன. எம்ஏஓ தடுப்பான் வகை மனச்சோர்வு மருந்தை நிறுத்தி 14 நாட்கள் ஆகும் முன் ஊக்கி மருந்தைத் தொடக் கூடாது. குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், தனக்கு மயக்கம், இதயக் கோளாறு இருந்திருந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நார்கோலெப்சி நோய் உள்ளவர்கள் விஷயத்திலும் இதே குழப்பம் வேறு வடிவில் வருகிறது. விழித்திருக்க உதவும் மோடஃபினில் மருந்தின் வழக்கமான அளவு காலையில் 200 மில்லிகிராம். 400 ஆக்கினால் கூடுதல் பலன் கிடைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சிரிக்கும்போது முழங்கால் மடங்குவது, தாடை தளர்வது போன்ற, கேட்டபிளெக்ஸி எனப்படும் திடீர்த் தசைத் தளர்ச்சிக்கு மோடஃபினில் மருந்தே அல்ல. அதற்காக அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் தவறான பூட்டில் சாவியைத் திருகுகிறார்கள். பகலில் திட்டமிட்ட குட்டித் தூக்கத்தை, மருந்து இருக்கிறதே என்று கைவிட வேண்டாம். மோடஃபினில் ஹார்மோன் கருத்தடை மாத்திரைகளின் பலனைக் குறைக்கும். மருந்தை நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை வேறு முறை தேவை. இது பல பெண்களுக்குச் சொல்லப்படாமலே போகிறது. தோலில் கொப்புளத்துடன் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், எடை, குழந்தைகளானால் உயரமும் அவ்வப்போது அளக்கப்பட வேண்டும். அதிக அளவில் எடுத்தவர்கள் தாங்களாகவே சட்டென்று நிறுத்தினால் கடும் சோர்வும் மனச்சோர்வும் வரலாம்.

அம்மா கொடுத்தது தெரியாமல் அப்பாவும் கொடுப்பது வீடுகளில் நடக்கிறது. கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி ஒன்றும், யார் கொடுப்பது என்ற ஏற்பாடும் இருந்தால் போதும். அப்படியும் இரட்டை அளவு போய்விட்டால், மருந்தின் பெயர், அளவு, போட்ட நேரம் மூன்றையும் சொல்லி மருத்துவரையோ நச்சு முறிவு மையத்தையோ அழையுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாததைப் பார்ப்பது, கடும் பதற்றம், வலிப்பு, கொதிக்கும் உடல்சூடு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தொலைபேசியில் நேரம் போக்காமல், மருந்துப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரச் சிகிச்சைக்குக் கிளம்பிவிடுங்கள்.