கடைசியில் வருகிறவரும் படம் கேட்பார்: மாரத்தான் போட்டோ விற்பனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை ஒன்பதே கால் மணி. தடுப்புகளைக் கழற்றி மினி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் லென்ஸைக் கழற்றிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன். அப்போதுதான் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா பத்து கிலோமீட்டரை முடித்துக்கொண்டு வந்தார். சுடிதாருக்கு மேலே போட்டி டீசர்ட், நான்கு மூலையிலும் ஊக்குக் குத்திய பிப், அதாவது போட்டி எண் போட்ட தாள். கோட்டைத் தாண்டியதும் என் கழுத்தில் கிடந்த அட்டையைப் பார்த்து நேராக வந்தார். "ஏனுங் தம்பி, என்னைய ஒண்ணு எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. அன்று முதலில் வந்த இருபது பேரை ஆளுக்குப் பத்துப் படம் எடுத்திருந்தேன். அவர்களில் ஒருவர்கூட வாங்கவில்லை.

எங்கள் கொங்குப் பக்கத்தில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலரும் கல்யாண போட்டோகிராபர்கள்தான். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, ஆனால் அந்தக் குளிரில்தான் ஓட்டப் போட்டிகள் வரிசையாக வரும். கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்கு நிதி திரட்ட 2013இல் தொடங்கிய கோவை மாரத்தானுக்குப் பிறகு, ஈரோடு, திருப்பூர், சேலம் என்று ஓடுகிறவர்கள் எங்கும் பெருகிவிட்டார்கள். கேமரா இருக்கிறது, லென்ஸ் இருக்கிறது, போய் நின்றால் போதும் என்று இறங்குகிறோம். கல்யாண வீட்டுப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோய்விடுகிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் வருகின்றன. கல்யாணத்தில் ஒரு வீட்டார் முன்பணம் கொடுத்து மொத்த ஆல்பத்தையும் வாங்கிக்கொள்வார்கள். இங்கே ஒவ்வொருவரும் தன் படத்துக்குத் தானே பணம் தர வேண்டும், அதுவும் படம் பிடித்திருந்தால்தான்.

கல்யாணத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் சுற்றி வருவதைப் போல இங்கே முதலில் வருகிறவர்களைச் சுற்றி வருவது வீண். வேகமாக ஓடுகிறவர்களுக்கு மாதம் ஒரு போட்டி, வீட்டில் பதக்கம் தொங்க ஆணி போதாது. பரிசு வாங்கும் படத்தை அமைப்பாளர்களே கொடுத்துவிடுவார்கள். காசு கொடுத்து வாங்குவது முதல் தடவை ஓடுகிறவர். டாக்டர் நடக்கச் சொன்னதில் ஆரம்பித்து ஓட்டத்துக்கு வந்தவர், மகள் பெயர் கொடுத்துவிட்டதால் வந்த அப்பா, திருப்பூர் கம்பெனியிலிருந்து ஒரே நிற டீசர்ட்டில் வேன் பிடித்து வந்த இருபது பேர். இவர்கள் நடுவிலும் கடைசியிலும்தான் வருவார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் ஊர்ந்து வரும். அது உங்களைத் தாண்டும் வரை கேமராவை இறக்காதீர்கள்.

நிற்கும் இடத்தில் நடக்கும் தவறு பெரியது. எல்லோரும் முடிவுக் கோட்டிலேயே குவிகிறோம். அந்தக் கோட்டில் ஓட்டக்காரர் என்ன செய்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். இடது கை மடங்கி நெஞ்சுக்கு வருகிறது, வலது கை விரல் வாட்ச் பட்டனை அழுத்துகிறது, கண் வாட்சில், தலை குனிந்திருக்கிறது, முழங்கை பிப் எண்ணை மறைக்கிறது. முகமும் இல்லை, எண்ணும் இல்லை. கோட்டுக்கு முப்பது மீட்டர் முன்னால் நின்றால் இதே ஆள் வேறு மாதிரி இருப்பார். தூரத்தில் கடிகாரம் தெரிந்ததும் முதுகை நிமிர்த்துவார், கூட்டம் கத்தினால் சிரிப்பார். அதுதான் விற்கிற படம்.

தண்ணீர் கொடுக்கும் இடத்துக்கு அடுத்து நிற்க வேண்டாம். கையில் டம்ளர், தாடையில் தண்ணீர் வழியும். மேடு ஏறி முடியும் இடத்தில் பாதிப் பேர் நடப்பார்கள், நடக்கிற படத்தை யாரும் வாங்க மாட்டார்கள். மேடு முடிந்து நூறு மீட்டர் தள்ளி நில்லுங்கள். நின்றபடி எடுத்தால் கால் குட்டையாகத் தெரியும், ஒரு முழங்காலை ஊன்றி இடுப்பு உயரத்திலிருந்து எடுங்கள். குதிகால் தரையில் மோதும் நொடியில் கன்னமும் தொடையும் குலுங்கும். இரண்டு காலும் தரையை விட்டு எழும்பியிருக்கும் நொடியைப் பிடித்தால் எழுபது வயதுக்காரரும் பறக்கிற மாதிரி இருப்பார்.

வெளிச்சம் இன்னொரு சோதனை. மார்கழியில் கோவையில் சூரியன் வர ஆறரை ஆகும். 21 கிலோமீட்டர்காரர்கள் ஐந்து மணி வாக்கில் கிளம்பிவிடுவார்கள். மண்டபத்தில் 1/125 ஷட்டரில், அதாவது நொடியில் 125இல் ஒரு பங்கு நேரம் திறக்கும் வேகத்தில், எடுத்த கை இங்கேயும் அப்படியே வைக்கும், வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாக் கால்களும் கலங்கியிருக்கும். 1/500க்குக் கீழே இறங்காதீர்கள், விடிந்த பிறகு 1/800, 1/1000. இருட்டுக்காகக் கூட்டும் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 6400 போய்ப் புள்ளி புள்ளியாக வந்தால்கூட வாங்குவார்கள், முகம் கலங்கியிருந்தால் வாங்க மாட்டார்கள். தெருவிளக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது. வேகமான ஷட்டரில் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது இருண்டும் விழும். ஆன்டி ஃப்ளிக்கர் வசதி உள்ள கேமராவில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டில் ஓடி வருகிறவர் கண்ணுக்கு நேரே பிளாஷ் அடிப்பது மட்டும் கூடவே கூடாது. அடுத்த இரண்டு எட்டுக்கு அவருக்குச் சாலை தெரியாது, குழியில் கால் வைத்தால் யார் பொறுப்பு?

படம் நன்றாக இருந்தும் விற்காமல் போவதற்குக் காரணம், உரியவரால் அதைக் கண்டுபிடிக்க முடியாததுதான். முதல் நாள் இரவே எல்லாக் கேமராக்களின் கடிகாரத்தையும் டைமிங் எடுக்கிறவர்களின் கடிகாரத்தோடு நொடி பிசகாமல் ஒத்துப்போகச் செய்யுங்கள். பிப் கசங்கியோ மறைந்தோ இருந்தால் நேரத்தை வைத்துத்தான் தேட வேண்டும். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. முடிவுப் பட்டியலில் ஓட்டக்காரர் பார்ப்பது பெரும்பாலும் சிப் நேரம், அதாவது அவர் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணியது. ஐந்து மணிக்குப் போட்டி ஆரம்பித்து, கூட்டத்தின் பின்னால் நின்றவர் 5:03க்குக் கோட்டைத் தாண்டி, சிப் நேரம் 2:20 என்று வந்தால், அவர் முடித்தது 7:23க்கு. 7:20க்குப் போய்த் தேடினால் யார் யார் படமோ வரும். "என்னைய எடுக்கவே இல்லீங்க" என்று போய்விடுவார்.

கல்யாண ஆல்பத்தை மூன்று மாதம் கழித்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் படம் ஏறிவிட வேண்டும். திங்கட்கிழமை ஆபீசில் பதக்கத்தைக் காட்டும்போது கூடவே காட்ட ஒரு படம் வேண்டும் அவருக்கு. புதன்கிழமைக்குள் நண்பர் செல்போனில் எடுத்ததே ஸ்டேட்டஸிலும் டிபியிலும் ஏறிவிடும், அதற்குப் பிறகு உங்கள் படம் எவ்வளவு கூர்மையாக இருந்து என்ன? ஒவ்வொன்றுக்கும் கலர் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். ஒரே மாதிரி பன்னிரண்டு படங்களைக் கொட்டாமல் ஆளுக்கு மூன்று நான்கு நல்லவை போதும்.

வாட்டர்மார்க்கை முகத்துக்குக் குறுக்கே போட்டால் அவருக்குத் தன்னையே அடையாளம் தெரியாது. இடுப்புக்குக் கீழே போடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறவர் எப்படியும் எடுப்பார், அவரைத் தடுக்கப் போய் வாங்க நினைக்கிறவரையும் விரட்டிவிடக் கூடாது. மெயில் ஐடி, பாஸ்வேர்டு என்று கேட்காமல் பிப் எண், படம், யூபிஐ என்று மூன்றே தட்டில் முடியட்டும். தனிப் படம் 150 ரூபாய் என்றால், அவருடைய எல்லாப் படமும் சேர்த்து 300 என்று வையுங்கள். பெரும்பாலானவர்கள் இரண்டாவதைத்தான் தொடுவார்கள். வேனில் வந்த கூட்டத்துக்குத் தலைவரிடம் ஒரே தொகையாகப் பேசிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் படம் சுருங்கிப் போய் பிரிண்ட் போடும்போது உங்கள் பெயர்தான் கெடும்.

அமைப்பாளரோடு வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்வது எனக்கே அடி கொடுத்த தவறு. ஒரு போட்டியில் சம்பளமும் வாங்கிக்கொண்டேன், படத்தை நானே விற்றுக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். இரண்டாம் நாள் எல்லாப் படத்தையும் இலவசமாகப் போட்டுவிட்டார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பிறகுதான் படித்தேன். ஒருவர் கேட்டுக்கொண்டு, பணமும் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர். ஒரே ஒரு பக்கம் போதும்: படம் யாருடையது, யார் விற்கலாம், ஸ்பான்சர் விளம்பரத்துக்குப் போடலாமா, இலவசமாகக் கொடுப்பதானால் எத்தனை நாள் கழித்து. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு கிளம்புங்கள். ஓட்டக்காரர்களின் செல்போன் எண் பட்டியலை அமைப்பாளரிடம் கேட்டு வாங்கி, அவர்களைக் கேட்காமல் மெசேஜ் தட்டிவிடும் வேலை வேண்டாம்.

குழந்தைகள் ஓடும் போட்டிக்குத் தனிக் கவனம் வேண்டும். செல்ஃபி கொடுத்தால் முகத்தை வைத்துப் படம் தேடித் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. வசதிதான். ஆனால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றுதான் கணக்கெடுக்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஊரார் பிள்ளைகளின் முகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குழந்தைகள் படத்தைப் பொது கேலரியில் போடுவதை நான் நிறுத்திவிட்டேன். பிள்ளையைக் கூட்டி வந்த அப்பா அம்மாவிடம் அங்கேயே சம்மதம் கேட்டு, பிப் எண்ணையும் அவர்கள் செல்போன் எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டு, சாயங்காலம் அந்த எண்ணுக்கு மட்டும் அனுப்புகிறேன்.