திறமூல மென்பொருளைச் சேர்க்குமுன் உரிமத்தைச் சரிபார்க்கும் முறை

ஒரு திறமூல மென்பொருளை உங்கள் திட்டத்தில் சேர்க்குமுன், நீங்கள் எடுக்கப்போகும் பதிப்போடு வரும் லைசென்ஸ் கோப்பையே திறந்து படியுங்கள். ஏனெனில் உரிமம் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் 7.2ஆம் பதிப்பு வரை, கட்டுப்பாடுகள் குறைந்த திறமூல உரிமமான பி.எஸ்.டி.யில் இருந்தது, 2024 மார்ச்சில் அறிவித்த மாற்றத்தால் 7.4 முதல் திறமூலமல்லாத உரிமங்களுக்குப் போனது; 2025இல், 8ஆம் பதிப்பில், ஏ.ஜி.பி.எல். என்ற திறமூல உரிமம் ஒரு தெரிவாகச் சேர்ந்தது. பழைய பதிப்புக்குக் கொடுத்த உரிமம் அப்படியே நின்றதால்தான், லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற தனித் திட்டம் அந்த 7.2இன் நிரலிலிருந்து கிளைக்க முடிந்தது.

அடுத்து, பங்களிப்பாளர் ஒப்பந்தத்தை, அதாவது நிரல் எழுதித் தருவோர் அதன்மீது என்ன உரிமைகளைத் திட்டத்துக்குக் கொடுக்கிறார்கள் என்பதை, பாருங்கள். எல்லோருடைய நிரலையும் வேறு உரிமத்தில் வெளியிடும் அதிகாரம் ஒரே நிறுவனத்திடம் இருந்தால், உரிமம் என்றாவது மாறும் என்றே வைத்துக்கொள்வது நல்லது. (லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடப்பதால், அங்கே இது ஏறக்குறைய நடக்காத காரியம்.)