பழைய ஃபர்னஸ்: மாற்றும் முன் நடக்கும் தவறுகள்

டொராண்டோ பகுதியில், ஸ்கார்பரோ, மார்க்கம், பிரம்டன் பக்கத்து வீடுகளில், வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸ் நின்றுபோவது பெரும்பாலும் குளிர் உச்சத்தில்தான். வெளியே மைனஸ் 18, உள்ளே பிள்ளைகள் ஜாக்கெட்டோடு. பார்க்க வந்தவர் "இது 17 வருஷப் பழசு, மாத்திடுங்கோ" என்றால் அப்போது யாருக்கும் மறுக்க மனம் வராது. ஆனால் வயது மட்டும் ஒரு பழுது ஆகாது. காஸ் ஃபர்னஸ் சாதாரணமாக 15 முதல் 20 வருடம் உழைக்கும். அவர் சொல்ல வேண்டியது எந்தப் பாகம் போயிற்று என்பதைத்தான்.

பர்னரில் தீ பற்றிக்கொண்டு, மூன்று நான்கு விநாடியில் அணைந்து, மறுபடி பற்றி அணைகிறதா? பெரும்பாலும் ஃபிளேம் சென்சரில் படிந்த கசடுதான் காரணம். அது தீச்சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பி. மின்சாரத்தை அணைத்து, ஒரு ஸ்குரூவைக் கழற்றி, நைசான ஸ்டீல் வுல்லால் தேய்த்துத் துடைத்தால் வேலை முடிந்தது. ஃபர்னஸுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் டிரெய்ன் குழாயோ டிராப்போ அடைத்திருக்கும். பர்னர் பாதியில் அணைந்து ஃபேன் மட்டும் ஓடினால் உள்ளே சூடு ஏறி, அதிகச் சூட்டில் தீயை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் வெட்டியிருக்கிறது. முதலில் ஃபில்டரைப் பாருங்கள். மெர்வ் என்பது ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதன் அளவு. ஒரு அங்குல ஃபில்டரில் மெர்வ் 13 போட்டால் பல வீடுகளில் காற்றோட்டம் திணறும், மெர்வ் 8 போதும். இக்னைட்டர், பிரஷர் ஸ்விட்ச், இன்டியூசர் மோட்டார் எல்லாமே தனித்தனியாக மாற்றக்கூடியவை.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் மட்டும் வேறு கதை. எரிந்த புகையை உள்ளே வைத்து, வெளியே ஓடும் வீட்டுக் காற்றைச் சூடாக்கும் உலோகக் கூடு அது. அதில் விரிசல் விட்டால் எரிந்த புகை வீட்டுக் காற்றோடு கலக்கும், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் கிடையாது. "இன்னும் ஒரு குளிர்காலம் ஓட்டிவிடலாம்" என்று நினைப்பது உயிரோடு விளையாடுவது. ஒன்டாரியோவில், காஸ் பாதுகாப்பைக் கண்காணிக்கும் டிஎஸ்எஸ்ஏ அமைப்பின் உரிமம் உள்ள டெக்னீஷியன் 'ஏ' டேக் (எச்சரிக்கைச் சீட்டு) மாட்டினால் காஸ் அங்கேயே நிறுத்தப்படும். 'பி' டேக் என்றால் சரிசெய்ய நாள் குறித்துக் கொடுப்பார். டேகை மீறி ஓட்டாதீர்கள். அதற்காக டேக் மாட்டியவரிடமே புது ஃபர்னஸ் வாங்க வேண்டும் என்பதில்லை. விரிசலைக் கேமராவில் காட்டச் சொல்லி, படத்தை வாங்கி வைத்துக்கொண்டு இன்னொருவரைக் கூப்பிடுங்கள். எக்ஸ்சேஞ்சருக்கு மட்டும் தனியாக நீண்ட உத்தரவாதம் இருப்பது வழக்கம். சீரியல் நம்பரைச் சொல்லிக் கம்பெனியில் விசாரியுங்கள். பாகம் இலவசமாகக் கிடைத்தாலும் கூலி உங்களுடையதுதான். 18 வருட ஃபர்னஸ் என்றால் அந்தக் கூலியைப் புதியதில் போடுவதே நல்லது.

அடுத்தது மிச்சக் கணக்கு. "புதுசு போட்டால் பில் பாதியாகும்" என்பதை நம்பாதீர்கள். சூடாக்குவதற்கு மட்டும் வருடம் 1,200 டாலர் காஸ் போகிறது என்று வையுங்கள். 80 சதவீதத் திறனிலிருந்து 96-க்கு மாறினால் மிச்சம் 200 டாலர், 92-லிருந்து மாறினால் வெறும் 50. உங்களுடையது எது என்று குழாயே சொல்லிவிடும்: தகரக் குழாய் சிம்னிக்குள் போனால் 80 அல்லது அதற்கும் கீழே, பிளாஸ்டிக் குழாய் சுவர் வழியே வெளியேறினால் 90-க்கு மேல். கனடாவில் இப்போது பொருத்தும் சாதாரண வீட்டு ஃபர்னஸ் குறைந்தது 95 சதவீதம் இருக்க வேண்டும்.

அதிகப் பணம் வீணாவது அளவில். பழையதன் தகட்டில் 1,00,000 பிடியூ (ஒரு மணி நேரத்தில் எரிக்கும் வெப்ப அளவு) என்றிருந்தால் புதியதற்கும் அதையே எழுதிவிடுகிறார்கள். இதை நீங்களே சரிபார்க்கலாம். மைனஸ் 18 அடிக்கும் ஒரு இரவில், தெர்மோஸ்டாட்டைத் தொடாமல், ஒரு மணி நேரத்தில் பர்னர் எத்தனை நிமிடம் எரிகிறது என்று எண்ணுங்கள். ஒரே ஸ்டேஜ் உள்ள, அதாவது எரியும்போதெல்லாம் முழு வேகத்தில் எரியும், 80 சதவீத ஃபர்னஸ் என்றால் 1,00,000 பிடியூவில் 80,000 வீட்டுக்கு வருகிறது. 30 நிமிடம்தான் எரிந்தது என்றால் வீட்டின் தேவை 40,000. பெரியது போட்டால் அடிக்கடி பற்றி அணையும், டக்ட் (காற்றுக் குழாய்) இரையும், ஒரு அறை வேகும்போது இன்னொன்று குளிரும். எஃப்280 என்ற கனடிய தர முறையில், வீட்டின் வெப்ப இழப்புக் கணக்குப் போடாமல் விலை சொல்பவரை விட்டுவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று சிம்னியில் இருக்கிறது. பழைய ஃபர்னஸும் தண்ணீர் ஹீட்டரும் ஒரே சிம்னியைப் பகிர்ந்திருக்கும். புது ஃபர்னஸ் சுவர் வழியே போய்விட்டால் ஹீட்டர் அந்தப் பெரிய சிம்னியில் தனியாக மாட்டிக்கொள்ளும். அதன் சிறிய புகை சிம்னியைச் சூடாக்கப் போதாது. ஈரம் படிந்து செங்கல் உதிரும், புகை பேஸ்மென்டுக்கே திரும்பவும் கூடும். சிம்னிக்குள் லைனர் (ஒடுக்கமான உட்குழாய்) போட வேண்டும், அல்லது ஹீட்டரையும் மாற்ற வேண்டும். இந்தச் செலவு கொட்டேஷனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏசியும் கிழடாகிவிட்டதென்றால் அதன் இடத்தில், குளிர்விக்கவும் சூடாக்கவும் செய்யும் ஹீட் பம்ப் விலையையும் கேளுங்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அதுவே வீட்டைச் சூடாக்கும், கடுங்குளிருக்கு மட்டும் ஃபர்னஸ்.

கதவைத் தட்டி வருபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்டாரியோவில் 2018 மார்ச் 1 முதல், அழைக்காமல் வீட்டுக்கு வந்து ஃபர்னஸ் விற்பதற்கும் வாடகைக்கு ஒப்பந்தம் போடுவதற்கும் தடை உண்டு. நீங்களே வீட்டுக்கு அழைத்துப் போட்ட ஒப்பந்தத்தைக்கூட, எழுத்துப் பிரதி கைக்கு வந்த 10 நாளுக்குள் ரத்துச் செய்யலாம். வாடகைக்கு எடுப்பதென்றால் மாதத் தொகையை முழுக் காலத்துக்கும் பெருக்கி, இடையில் விலகக் கட்ட வேண்டிய பணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டை விற்கும்போது அந்தப் பணம்தான் கழுத்தைப் பிடிக்கும்.

விலை கேட்க நல்ல மாதம் செப்டம்பர். பொருத்திய பிறகு உத்தரவாதத்தைப் பதிவு செய்யப் பல கம்பெனிகள் தருவது 60 அல்லது 90 நாள்தான். தவறவிட்டால் 10 வருடப் பாக உத்தரவாதம் 5 ஆகச் சுருங்கிவிடலாம். சுவரிலிருந்து நீட்டும் வெள்ளைக் குழாய்கள் பனிக் குவியலுக்கு மேலே நிற்கின்றனவா என்று பொருத்துகிற அன்றே, அவர்கள் கிளம்புவதற்குள், வெளியே போய்ப் பாருங்கள்.