ஸ்டுட்கார்ட்டா, ஆஹனா? ஒரு ஃபிட்டரின் கணக்கு

நான் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். ஐடிஐ படிப்பு, இருபத்தாறு வருடமாக இதே வேலை. என் மகள் கோயம்புத்தூரில் ட்ரிபிள் ஈ முடித்துவிட்டு ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க விண்ணப்பித்தாள். ஒரே வாரத்தில் இரண்டு அட்மிஷன் கடிதம் வந்துவிட்டது. ஒன்று ஸ்டுட்கார்ட், இன்னொன்று ஆஹன். "எதுப்பா போறது?" என்று என்னைக் கேட்டாள். யாரைக் கேட்கிறாள் பாருங்கள்! அடுத்த மூன்று வாரம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து செய்ததைத்தான் எழுதுகிறேன். இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆளாளுக்கு வந்து கேட்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல முடியவில்லை.

முதலில் ரேங்க் பட்டியலை மூடி வையுங்கள். ஜெர்மனியின் பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் ஒன்பது சேர்ந்து டியூ9 என்று ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. இரண்டும் அதில் இருக்கின்றன. அந்த அளவுக்கு மேல் பட்டியலில் ஐந்து இடம் முன்னே, பத்து இடம் பின்னே என்பதை வைத்து ஒன்றும் தெரியப் போவதில்லை. கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டன்சிக்கும் போனோம். அங்கே இருந்தவர் எங்கள் இரண்டு கடிதத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, மூன்றாவதாக ஏதோ ஒரு தனியார் கல்லூரியின் வழவழ நோட்டீஸை நீட்டினார். காபி மட்டும் நன்றாக இருந்தது.

அடுத்தது ஃபீஸ். "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று எல்லோரும் சொல்வது பாதி உண்மை. அது எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்பதைப் பொறுத்தது. ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்க ஆரம்பித்துவிட்டது, மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. ஆஹனில் பொதுவாக ஃபீஸ் இல்லை, செமஸ்டருக்கு முன்னூறு யூரோ அளவில் ஒரு தொகை கட்டினால் போதும். ஆனால் அதே ஆஹனில் தனியாக ஃபீஸ் வைத்து நடத்தும் மாஸ்டர்ஸ் படிப்புகளும் உண்டு. அதனால் பல்கலைக்கழகத்தின் முகப்புப் பக்கத்தைப் பார்த்து நிம்மதியாகிவிடாமல், உங்கள் படிப்பின் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

என் மகளுக்கு வந்தது ஃபீஸ் இல்லாத படிப்புதான். ஆக, ஸ்டுட்கார்ட் நான்கு செமஸ்டருக்கு 6,000 யூரோ, ஆஹன் சும்மா. யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் ஆறு லட்சம். எங்கள் ஒரு ஏக்கர் இலைக்காசில் இது எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆஹன்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

ஃபேக்டரியில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலர் வாங்கும்போது விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ரோலர் மலிவாகத்தான் கிடைக்கும். பல் மழுங்கி, கழற்றி சாணை பிடித்து, திரும்ப மாட்டும்வரை லைன் நிற்கும் பாருங்கள், இலை அங்கேயே கிடந்து சிவக்கும். அந்த நஷ்டம் எந்த பில்லிலும் வராது. இதுவும் அப்படித்தான் என்று இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

மாஸ்டர்ஸ் என்பது ஏட்டில் நான்கு செமஸ்டர். அங்கே ஐந்து, ஆறு ஆவது சாதாரணம். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில், அதாவது முன்கூட்டியே போட்டுவிட்டு மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், போட்டுக் காட்டச் சொன்ன தொகை வருடத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் ஆறு மாதச் சாப்பாடும் வாடகையும் 5,952 யூரோ. பார்த்தீர்களா? ஸ்டுட்கார்ட்டின் மொத்த ஃபீஸும் ஆஹனில் ஒரே ஒரு செமஸ்டர் தாமதமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆக, எது மலிவு என்று கேட்பதைவிட எங்கே இவள் தடுக்கி விழாமல் முடிப்பாள் என்று கேட்பதுதான் சரி.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு படிப்புக்கும் பாடத்திட்டப் புத்தகம் ஒன்று வெளியிடுகிறார்கள், மாட்யூல் ஹேண்ட்புக் என்பார்கள். எந்தப் பேப்பர் கட்டாயம், எது விருப்பம், எத்தனை கிரெடிட், எழுத்துப் பரீட்சையா வாய்மொழியா, எல்லாம் அதில் இருக்கும். இரண்டையும் பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தோம். கடைக்காரர் பக்கத்தை எண்ணிவிட்டு, "யாருக்குண்ணே கேஸு?" என்றார்.

அன்று ராத்திரி மூடுபனி, கரண்டும் இல்லை. எமர்ஜென்சி லைட்டில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. தலைப்பை நான் எழுத்துக்கூட்டிப் படிக்க, அவள் ஆசைப்படும் பாடத்துக்கு நீலம், பயப்படும் பாடத்துக்குச் சிவப்பு. காலேஜில் எம்-3 என்கிற மூன்றாவது கணக்குப் பேப்பரில் அவளுக்கு அரியர் விழுந்து, இரண்டாவது தடவைதான் எழுந்தாள். அந்த வாசனை அடிக்கிற கட்டாயப் பேப்பர் எல்லாம் சிவப்பு. விருப்பப் பாடத்தில் சிவப்பு வந்தால் கவலை இல்லை, எடுக்காமல் விட்டுவிடலாம். கட்டாயத்தில் வரும் சிவப்பை மட்டும் எண்ணுங்கள். அவள் எண்ணியதில் ஸ்டுட்கார்ட்டில் ஒன்று, ஆஹனில் மூன்று. உங்கள் பிள்ளைக்கு இது நேர்மாறாகவும் வரலாம், அதனால் எங்கள் விடையைக் காப்பி அடிக்காதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊரில் அரியரைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கலாம். அங்கே ஒரு பரீட்சைக்கு இத்தனை வாய்ப்புதான் என்று வரம்பு, பெரும்பாலும் மூன்று. கட்டாயப் பேப்பரில் கடைசி வாய்ப்பும் போனால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய் அதே படிப்பைத் தொடரவும் முடியாது. கன்சல்டன்சியில் இதை யாரும் சொல்லவில்லை.

கிரெடிட் கணக்கையும் பாருங்கள். மொத்தம் 120, செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்றால் ஏறக்குறைய முப்பது மணி நேர உழைப்பு. செமஸ்டருக்குத் தொள்ளாயிரம் மணி நேரம், எங்கள் எட்டு மணி ஷிப்டில் நூற்றுப் பன்னிரண்டு ஷிப்ட். வருடத்தில் 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை பார்க்க மாணவர் விசாவில் அனுமதி உண்டுதான். அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கணக்கைப் போட்டால், படிப்பு தள்ளிப்போகிற வழியை நாமே திறந்துவிட்ட மாதிரி.

சீனியர்களைப் பிடிப்பது சுலபம், லிங்க்ட்இன்னில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. "காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" என்பார்கள். "எத்தனை செமஸ்டரில் முடித்தீர்கள்? எந்தப் பேப்பரில் மாட்டினீர்கள்? முதல் ரூம் எத்தனை மாதம் கழித்துக் கிடைத்தது?" என்று கேளுங்கள். அப்போது வரும் பதிலே வேறு.

லோன் பற்றி ஒரு வார்த்தை. தேயிலை நிலத்தை அடமானமாக எடுக்க மாட்டோம், அது விவசாய நிலம் என்றார்கள் நாங்கள் போன வங்கியில். சரி, வீடு என்றால் பிளான் அப்ரூவல் கேட்டார்கள். மலையில் வீட்டுக்கு அப்ரூவல் வாங்குவது தனிக் கதை. கடைசியில் என் மச்சான் சமவெளியில் வைத்திருந்த வீட்டுப் பத்திரம்தான் கைகொடுத்தது. கடிதம் வரும்வரை காத்திருக்காமல், விண்ணப்பிக்கும்போதே பத்திரத்தைத் தூசி தட்டுங்கள். நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஜெர்மன் தூதரகப் பிரிவு தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம், அதையும் அப்போதே ஆரம்பித்துவிடலாம்.

ஸ்டுட்கார்ட்டில் வாடகை ஆஹனைவிட அதிகம், அதையும் கூட்டிப் பார்த்துத்தான் ஸ்டுட்கார்ட் என்று முடிவெடுத்தோம். முடிவெடுத்த அன்றே மாணவர் விடுதிக்கு ஆன்லைனில் பதிந்துவிடுங்கள், வரிசை நீளம். இவள் நான்கு நாள் தள்ளிப் பதிந்தாள். முதல் இரண்டு மாதம் ஒரு தமிழ்ப் பெண்ணின் அறையில் தரையில் படுக்கை. குளிருக்கு ஊட்டி திபெத்தியர் மார்க்கெட் ஸ்வெட்டரே போதும், கோத்தகிரிப் பிள்ளைதானே என்று அனுப்பினேன். டிசம்பரில் போன் செய்து, குளிர் பரவாயில்லை, காலை எட்டு மணிக்கும் இருட்டாகவே இருக்கிறதுப்பா என்றாள்.