ஜூனில் வரும் வசந்தம்: மலர்ப் பள்ளத்தாக்கில் நடக்க ஒரு வழிகாட்டி

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் இருக்கும் மலர்ப் பள்ளத்தாக்குக்குப் பெரும்பாலானோர் ஆகஸ்டில்தான் போகிறார்கள். மலைச்சரிவு முழுக்கப் பூவாக நிற்கும் அந்தப் படங்களெல்லாம் மழைக்காலத்தில் எடுத்தவை. பனி உருகிய ஈரத்தில் முளைத்ததும் பூத்துவிடும் வசந்தப் பூக்களைப் பார்க்க ஜூனில் போக வேண்டும். நமக்குச் சித்திரை வெயில் கொளுத்தும்போது அங்கே 3,000 மீட்டருக்கு மேல் பனிதான் கிடக்கும்.

தேசியப் பூங்காவான இந்தப் பள்ளத்தாக்கு ஜூன் 1 அன்று திறக்கிறது. 10ஆம் தேதியிலிருந்து 25ஆம் தேதிக்குள் போவது நல்லது. முதல் வாரத்தில் பாதையில் பனி மிகுதி. மாதக் கடைசியில் பருவமழை இறங்கிவிட்டால் மலைச்சாலையில் மண்சரிவு ஆரம்பித்துவிடும்.

வழியும் நாட்களும்

ஹரித்வாரிலிருந்தோ ரிஷிகேஷிலிருந்தோ ஜோஷிமட்டுக்குச் சாலையில் ஒரு முழுப் பகல் ஆகும். விடியுமுன் கிளம்புங்கள். இரவு அங்கே தங்கி, மறுநாள் காலை சுமார் 20 கி.மீ. தள்ளியுள்ள கோவிந்த்காட், அங்கிருந்து ஜீப்பில் 4 கி.மீ. போனால் புல்னா. நடை புல்னாவில் தொடங்குகிறது. லட்சுமண கங்கை ஆற்றை ஒட்டி ஏறும் பாதையில், இரவு தங்கும் சிற்றூரான காங்கரியா 10 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான தூரம். நிதானமாக நடந்தால் ஐந்து, ஆறு மணி நேரம். ஹேம்குண்ட் சாகிப் போகும் சீக்கிய யாத்திரிகர்களும் இதே வழியில்தான் ஏறுகிறார்கள். ஜூனில் அவர்கள் கூட்டம் அதிகம் என்பதால் அறையை முன்பே பேசி வைத்துவிடுங்கள். தேவையான பணத்தை ரொக்கமாகவே கொண்டு போங்கள்.

கோவிந்த்காட் சுமார் 1,800 மீட்டர், காங்கரியா சுமார் 3,050 மீட்டர். கடலோர ஊர்களிலிருந்து வரும் உடம்புக்கு ஒரே பகலில் இது பெரிய ஏற்றம். உடல் நலமாக இருப்பவருக்கும் அன்றிரவு தலைவலி வரலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மது வேண்டாம், சீக்கிரம் படுங்கள். விடிந்தும் தலைவலி குறையாமல் குமட்டலும் சேர்ந்தால் அன்று மேலே போகக் கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். காலை வரை பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் ஆபத்து. உயரத்தால் வரும் இந்தத் தொல்லையைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள், முக்கியமாக சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்கள்.

மறுநாள் பள்ளத்தாக்கு. அதற்கடுத்த நாள் திரும்பவும் பள்ளத்தாக்குக்கே போகலாம், அல்லது 4,000 மீட்டருக்கு மேலுள்ள ஹேம்குண்டுக்கு ஏறலாம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம், உயரத்துக்குப் பழக உடம்புக்கு ஒரு நாள் கிடைக்கட்டும். பூவுக்காகவே வருகிறவர் இரண்டு நாளையும் பள்ளத்தாக்குக்கே கொடுப்பதுதான் சரி.

உடம்பு தயாரா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. திருமலைக்கு அலிபிரி வழியின் 3,550 படிகளை 5 கிலோ பையோடு ஏறி, மறுநாளும் வலியில்லாமல் நடமாட முடிந்தால் போதும். முடியவில்லை என்றால் ஆறு வாரம் முன்னதாகவே மாடிப்படி ஏறிப் பழகுங்கள்.

பனியைக் கடப்பது

சோதனைச் சாவடியில் காலை 7 மணிக்கு உள்ளே விடுவார்கள். அடையாள அட்டை காட்டிக் கட்டணச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் ஆட்களோடு உள்ளே போய்விடுங்கள். அதற்குக் காரணம் பனி.

ஜூனில் பாதையில் கிடக்கும் பனி பெரும்பாலும் குளிர்காலத்தில் ஓடைகள் வழியே சரிந்து இறுகிய பனிச்சரிவு. அதன் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் உள்ளே குடைந்து கூடாகிவிடும். பாறையை ஒட்டிய ஓரங்கள்தான் மிக மெலிவு. கால் புதைவதும் முழங்கால் முறிவதும் அங்கேதான். வனத்துறையினர் வெட்டிய தடத்திலேயே ஒருவர் பின் ஒருவராக, நாலைந்து அடி இடைவெளி விட்டுப் போங்கள். பயத்தில் மேட்டுப் பக்கம் சாய்ந்தால் கால் வழுக்கிவிடும். நிமிர்ந்து நின்று, காலணியின் விளிம்பால் பனியை உதைத்துக் குழி செய்து, ஊன்றுகோலை மேட்டுப் பக்கம் ஊன்றி அடியெடுத்து வையுங்கள். காலையில் இறுகியிருக்கும் பனி மதியத்துக்கு மேல் இளகும். சரிவு நேராக ஆற்றில் போய் முடிகிறது, வெட்டிய தடமும் இல்லை என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை எரித்துவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

எதை, எங்கே பார்ப்பது

புஷ்பாவதி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் பூர்ஜ (birch) மரக் காட்டுக்குள் ஏற்றம். அங்கேயே வசந்தம் ஆரம்பமாகிவிடுகிறது. நீலகிரியில் செக்கச்செவேலென்று பூக்கும் காட்டுப்பூவரசின் உறவினம் ஒன்று இங்கே புதராக வளர்ந்து, வெளிர் ஊதாவில் மணி மணியாய்ப் பூத்திருக்கும். இலையின் அடிப்பக்கம் துருப்பிடித்த நிறத்தில் இருந்தால் அதுதான்.

ஏற்றம் முடிந்து வெளி திறந்ததும் பலர் ஏமாந்துபோகிறார்கள்: புல் இன்னும் பழுப்பாகத்தான் இருக்கும். அங்கே நின்றுவிடாமல் பனித்திட்டுகளின் ஓரங்களைப் பாருங்கள். பனி விலகிச் சில நாளே ஆன ஈர மண்ணில் ஊதா உருண்டையாகப் பிரிமுலா நிற்கும். நீர் கசியும் இடங்களில் மஞ்சள் சதுப்புச் சாமந்தி, சற்றே காய்ந்த மேட்டில் வெள்ளை அனிமோன். போன கோடையில் கிழங்கிலும் வேரிலும் சேர்த்த உணவையும், பனிக்கு முன்பே உருவான மொட்டையும் வைத்துக்கொண்டுதான் இவை இவ்வளவு விரைவாகப் பூக்கின்றன. பனி மேலேறப் பூவும் மேலேறும். கீழே பிரிமுலா வாடியிருந்தால் இன்னும் மேலே போய்த் தேடுங்கள்.

இதனால்தான் பாதையை விட்டு விலகவே கூடாது. உருகிய மண் சேறாக இருக்கும்போது ஒரு காலடி பட்டாலும் மண் இறுகி, அடியிலுள்ள முளை நசுங்கும். வளர்வதற்குச் சில மாதங்களே கிடைக்கும் செடிக்கு அந்த ஆண்டின் விதை போய்விடும். படமெடுக்க மண்டியிட்டால் பாறைமேல் மண்டியிடுங்கள். பூவோடு இலையையும் தண்டையும் சேர்த்து எடுத்தால்தான் பிறகு இனம் கண்டுபிடிக்க முடியும். மேகமூட்டமான வெளிச்சத்தில் ஊதாவும் நீலமும் வெளிறாமல் விழும்.

ஜோன் மார்கரெட் லெக் என்ற ஆங்கிலேயப் பெண் 1939இல் செடிகள் சேகரிக்க வந்த இடத்தில் தவறி விழுந்து இறந்தார். அவருடைய கல்லறை பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. அது வரை போய் வருவது ஒரு பகலுக்குச் சரியான தூரம். மதியம் ஒன்றரைக்குத் திரும்பத் தொடங்குங்கள், மாலை 5 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே தங்க அனுமதி கிடையாது.

பையில்

உள்ளே கடையும் இல்லை, கழிப்பறையும் இல்லை. காங்கரியாவில் பரோட்டா கட்டி வாங்கிக்கொண்டு, இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். கணுக்காலை மூடும், முன்பே போட்டுப் பழகிய காலணி வேண்டும். கம்பளிச் சட்டை, மழை அங்கி, மாற்றுக் காலுறை இருக்கட்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் உலராது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். குப்பை எல்லாம் திரும்ப உங்கள் பையிலேயே வர வேண்டும்.

ஊர் திரும்பும் ரயிலுக்கோ விமானத்துக்கோ முன்னால் ஒரு நாள் காலியாக வையுங்கள். ஜோஷிமட்டுக்குக் கீழே ஒரே ஒரு சரிவு விழுந்தாலும் சாலை பாதி நாள் அடைபட்டுவிடும்.